பெயர் போடாமல் எழுதிய ஐந்து வரிகள்

லேமினேஷன் இயந்திரத்திலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசம் வந்துகொண்டிருந்தது. யாரோ ஒருவருடைய ஆதார் அட்டை பாதி உள்ளே, பாதி வெளியே. அப்போதுதான் பனிமேரி அக்கா கடைப்படி ஏறினாள்.

மீன் சுமக்கும் அலுமினியச் சருவத்தை வெளியே சுவரோரமாக இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். காகிதம் இருக்கிற இடத்தில் மீன்வாடை ஏறக்கூடாது என்று அவளாக வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. அன்று சருவம் இல்லை. வேலை நாளில் தலையிலோ இடுப்பிலோ சருவம் இல்லாமல் அவளை நான் பார்த்ததே கிடையாது.

கண்ணாடி மேசைமேல் செல்போனை வைத்து என் பக்கம் திருப்பினாள். திரையின் மூலையில் ஒரு விரிசல். அதற்குக் கீழே ஐந்து வரிகள்.

"ஏட்டி ஸ்டெல்லா, இது நீ எழுதினதா?"

முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. வரிகளுக்கு மேலே என் பெயர். பெயருக்குப் பக்கத்தில் என் படம். படத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாவும். நீயே வாசிச்சுக் காட்டு" என்றாள்.

வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வரியில் நிறுத்தினேன். "ம், வாசி" என்றாள். முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேற்படி, மேற்படி

போன வாரம் இந்தத் தொடரில், தட்டச்சு நிலையத்தில் நான் டைப் பழகிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பத்தாம் வகுப்போடு நின்றவர் பிறகு சட்டமெல்லாம் எங்கே படித்தீர்கள்?" அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் பனிமேரி அக்கா நினைவுக்கு வந்தாள்.

இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது. ஊர் பேரு போடாத. எனக்க பேரையும் மாத்து" என்றாள். பனிமேரி என்ற பெயரை அவளேதான் வைத்துக்கொண்டாள்.

புதுக்கடை சந்திப்பில் என் ஜெராக்ஸ் கடைக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. ஜெராக்ஸ் என்று பலகையில் இருந்தாலும் சோறு போடுவது மனுக்கள்தான். பட்டா மாற்றம், குடிநீர்க் குழாய், முதியோர் உதவி, பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை. அவர்கள் சொல்லச் சொல்ல நான் டைப் அடிப்பேன். "மேற்படி இடத்தில் மேற்படி நபர் மேற்படி வேலியை" என்று ஒரு நாளைக்கு எத்தனை மேற்படி அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அடித்ததில் பாதி எனக்குப் புரிந்ததில்லை. யாருக்கு அனுப்பினால் நடக்கும், எதற்குப் பதில் வரவேண்டும், வராவிட்டால் அடுத்து எங்கே போவது, ஒன்றும் தெரியாது. மனுவைக் கொடுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து அதே ஆள் வந்து, "பதிலே இல்லையே, இனி என்ன செய்யணும்?" என்று கேட்டால், "இன்னொரு மனு போடலாம்" என்பேன். அதையும் நானே அடிப்பேன்.

ஒரு நாள் நாகர்கோவிலில் வக்கீலாக இருக்கும் ஷீபா என்ற பெண் ஏதோ நகல் எடுக்க வந்தாள். மேசையில் கிடந்த மனுவைப் பார்த்துவிட்டு, "அக்கா, இத நீங்களா எழுதினீங்க? நல்லா இருக்கு. ஆனா அனுப்புற இடம் தப்பு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றே அவளுடைய வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டாள். குழுவின் பெயர் 'படிக்கலாம் வாங்க'.

தினமும் காலையில் சட்டத்தில் ஒரு பகுதி வரும். எளிய தமிழில் பத்து வரி. சாயங்காலத்துக்குள் சந்தேகம் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஒரு மணி நேரம் குரல் வழியாகக் கூடுவோம். தக்கலைப் பக்கம் ஒரு தையல்காரர், மஸ்கட்டில் கிரேன் ஓட்டும் ஒருவர், சுசீந்திரத்துக்கு அந்தப் பக்கம் வயல் வைத்திருக்கும் தாணுமாலயன் என்று கூட்டம் கலந்து கட்டியிருந்தது.

முதலில் கேட்க வெட்கமாக இருந்தது. 'எதிர்மனுதாரர்' என்றால் விரோதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதைச் சொன்னபோது மஸ்கட்காரர், "நானும் அப்பிடித்தான் அக்கா நெனச்சேன்" என்று எழுதினார். அதோடு வெட்கம் போயிற்று.

மனு என்பது பிச்சை இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷீபா சொன்னாள். மறுநாளே என் கணினியில் இருந்த மாதிரி மனுக்களில் 'தாள்பணிந்து' என்ற சொல்லை எல்லாம் அழித்தேன். ஒரு பெரியவர் கோபப்பட்டுவிட்டார். "தாள்பணியாம மனு குடுத்தா அவன் வாங்குவானா?" என்றார். அவருக்கு மட்டும் பழையபடியே போட்டுக் கொடுத்தேன்.

வாசல்

கொஞ்சம் பழைய கதைக்குப் போய் வருகிறேன்.

நான் பிறந்தது முட்டம். எங்கள் தெருவிலிருந்து மீன் ஏலக்கரைக்குப் போகும் வழியில் ஒரு வாசகசாலை இருந்தது. கடலுக்குப் போகாத நாட்களில் ஆண்கள் அங்கே செய்தித்தாளைத் தாள் தாளாகப் பிரித்துப் பங்கு போட்டுப் படிப்பார்கள். தேர்தல் நேரத்தில் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அப்பாவின் குரல் தனியாகத் தெரியும்.

பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு பெண்ணும் போனதில்லை. அம்மாவோடு நடக்கும்போது நான் அந்த வாசலில் கொஞ்சம் மெதுவாக நடப்பேன். உள்ளே அப்பா மேசையைத் தட்டுவார். "அப்பா சொல்லது தப்புல்லா?" என்று ஒரு தடவை அம்மாவிடம் கேட்டேன். "தப்புதான். அதுக்கு நீ போய்ச் சொல்லவா போற? நட" என்றாள்.

அதனால்தான், ஷீபா இரண்டாவதாக ஒரு குழு தொடங்கியபோது நான் முந்திக்கொண்டு சேர்ந்தேன். படிக்கிற இடத்தில் அரசியல் சண்டை வந்து படிப்பு கெடுகிறது என்று சண்டைக்கென்றே தனியாக ஒரு குழு வைத்தாள். 'பேசலாம் வாங்க' என்று பெயர். படிக்கிற குழுவில் வாயே திறக்காதவர்கள் எல்லாம் அங்கே வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கும் பேச வந்தது. நாற்பத்தாறு வயதில், ஒரு அரசாங்கத் திட்டம் சரியா தப்பா என்று என் கருத்தை ஆண்கள் நடுவில் எழுதி, அவர்கள் மறுத்து, நான் மறுபடி மறுத்து. டீ ஆறிப்போகும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் கண்ணாடியைத் தட்டுவார். அந்த ருசியைச் சொல்லித் தெரியவைக்க முடியாது.

உண்டு ஐயா

அங்கே எனக்கு எதிராக வருகிறவர் பெரும்பாலும் தாணுமாலயன்தான். அறுபது வயதுக்காரர். மரியாதையாகத்தான் எழுதுவார், 'சகோதரி' என்றுதான் தொடங்குவார். ஆனால் ஒவ்வொரு வரியும் முள்.

நான் அந்த ஐந்து வரி எழுதிய வாரம், அவர் ஊர்ப் பக்கத்துக் குளம் ஒன்றில் ஒரு பகுதியைச் சாலைக்காக மண்போட்டு நிரப்பப் போவதாகப் பேச்சு. நாங்கள் ஏழு பேர் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்று எழுதினார். கடற்கரையிலும் இப்படிப் பல பிரச்சினைகள் இருக்கின்றன, அதையும் சேர்த்துப் பேசுங்கள் என்று நான் எழுதினேன்.

அவர் பதில் இது: "சகோதரி, உங்கள் கடற்கரையில் ஊர்க்கூட்டம் சொன்னால் எல்லோரும் கை தூக்குவீர்கள். தனியாக நின்று எதிர்த்துக் கேட்க ஒரு ஆள் உண்டா?"

ரத்தம் தலைக்கு ஏறியது. பட்டப்பகல். கடையில் யாரும் இல்லை. டிபன் பாக்ஸ் திறந்தபடி இருந்தது. ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன்.

நான் எழுதியது இவ்வளவுதான்:

"உண்டு ஐயா. கடலுக்குப் போன கணவன் திரும்பி வராத ஒரு பெண், மீன் விற்றுப் பிழைப்பவர். வீட்டை ஒட்டியிருக்கும் மீன்தூள் ஆலையைப் பெரிதாக்கக் கூடாது என்று, ஊரே ஆலையின் பக்கம் நிற்கும்போது, தனியாகக் கலெக்டருக்கு மனு அனுப்பியிருக்கிறார். சொந்தத் தம்பி அதே ஆலையில் லாரி ஓட்டுகிறார், அப்படியும் அனுப்பினார். அந்த மனுவை டைப் அடித்தவை இந்தக் கைகள்தான்."

ஊர் பெயர் போடவில்லை. ஆள் பெயர் போடவில்லை. அது போதும் என்று நினைத்தேன்.

கைதட்டல் படங்கள் வரிசையாக வந்தன. மஸ்கட்காரர் மூன்று அனுப்பினார். தாணுமாலயன், "தலைவணங்குகிறேன் சகோதரி" என்று எழுதினார். அந்த மத்தியானம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். மீதிச் சோற்றைச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பனிமேரி அக்கா அந்த மனுவை எழுத வந்த நாள் என் நினைவுக்கு வரவே இல்லை. ஆலைக் கழிவு இறங்கி அவள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நாறிப்போனதைச் சொல்லி முடித்துவிட்டு, கிளம்பும்போது திரும்பி நின்று கேட்டாள்: "இது உனக்கும் எனக்கும் மட்டுந்தானே மக்கா?" "வேற யாருக்குக்கா?" என்றேன் நான்.

எத்தன பேரு இருக்காவ?

மூன்றே நாள். அந்த ஐந்து வரியை யாரோ படமெடுத்து யாருக்கோ அனுப்ப, அவர் இன்னொருவருக்கு அனுப்ப, அது அவள் ஊரின் குழுவுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

வாசித்து முடித்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை, "நான் பேரு போடலக்கா."

"பேரா?" என்றாள். சத்தமே போடவில்லை. "புருசன் கடல்ல போய் வராதவ. மீன் விக்கியவ. ஆலைக்க பக்கத்து வீட்டுக்காரி. தம்பி ஆலையில லாரி ஓட்டுதான். எங்க ஊர்ல இப்பிடி எத்தன பேரு இருக்காவ? சொல்லு."

போனை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

"தம்பிய ஆலையில நேத்தே வேண்டாம்னுட்டாவ. இன்னைக்கு விடியக்காலம் ஏலத்துக்குப் போனேன். நான் விலை கேக்கேன், ஒருத்தனும் காதுல வாங்கல. பக்கத்துல நின்னவ கேட்டா உடனே குடுக்கான். வெறும் சருவத்தத் தூக்கிட்டு வீட்டுக்குப் போனேன்."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. போனை எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

"நீ படிக்கேன் படிக்கேன்னு சொல்லும்போ எனக்குச் சந்தோசமாட்டு இருந்துது ட்டீ. இதுக்கா படிச்ச?"

போய்விட்டாள். ஆதார் அட்டை இயந்திரத்துக்குள் சுருண்டு கருகிக் கிடந்தது.

நான் செய்தது

வரிகளை அழிக்கப் பார்த்தேன். எல்லோருக்குமாக அழிக்கும் நேரம் தாண்டிவிட்டிருந்தது. என் போனிலிருந்து மட்டும்தான் அழிந்தது.

ஷீபாவுக்குப் போன் செய்தேன். முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "நம்ம ஆளுங்கள்ல ஒருத்தர்தான் வெளிய அனுப்பியிருக்கணும்க்கா. நான் கண்டுபிடிச்சு நீக்கிடுறேன்" என்றாள்.

"எழுதினது நான்தானே ஷீபா" என்றேன்.

இரண்டு குழுக்களிலும் எழுதினேன். ஒருவர் என்னை நம்பிச் சொன்னதை, விவாதத்தில் ஜெயிப்பதற்காக நான் வெளியே சொன்னேன், அவருக்கு அதனால் கெடுதல் வந்திருக்கிறது, அந்தப் படத்தை வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள் என்று. யார், என்ன கெடுதல் என்று எழுதவில்லை. சிலர், "நல்லதைத்தானே சொன்னீர்கள்" என்றார்கள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. தாணுமாலயன். அதுவரை எழுத்தில்தான் சண்டை. குரல் நான் நினைத்ததைவிட மெல்லிசாக இருந்தது.

"நான்தாம்மா ஒங்களச் சொரண்டி விட்டேன். இல்லேன்னா நீங்க எழுதியிருக்க மாட்டீங்க."

"நீங்க சொரண்டினீங்க. சொன்னது நான்."

"அந்த அம்மாவுக்கு நாம ஏதாவது செய்யாண்டாமா?"

"அவங்ககிட்ட கேக்காம இனி ஒண்ணும் செய்ய மாட்டேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும் நேரம் பார்த்து அவள் ஊருக்குப் பஸ் ஏறினேன். இறங்கும்போதே ஆலையின் வாடை மூக்கில் அறைந்தது. காய்ந்த மீனின் வாடை எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இது வேறு, வேகவைத்து அழுகின வாடை. அதற்கு நடுவில்தான் அவள் வீடு.

முன்னறையில் தம்பி சேவியர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"எனக்கும் தெரியாமத்தான் மனு போட்டிருக்கா" என்றார். "தெரிஞ்சிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். சோறு போடுத எடம்லா." ஆலை இருந்த பக்கம் கையைக் காட்டினார். "ஆனா அவ எழுதினது காவாசிதான். கழிவுத் தண்ணிய டேங்கர்ல ஏத்திக் கொண்டுபோய் எங்க எங்க ஊத்தினோம்னு எனக்குல்லா தெரியும்."

பனிமேரி அக்கா உள்ளேயிருந்து வந்தாள். "மன்னிச்சிரு அக்கா" என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத அப்பறம் பாக்கலாம். ஒளிச்சு வெச்சு ஒண்ணும் ஆவல. இன்னொண்ணு எழுது. மேல எனக்க பேரப் பெருசாட்டு போடு. அவனுக்க பேரையும் போடு. என்ன போடணும்னு நாங்க சொல்லுதோம். நீ ஒண்ணும் சேக்காத."

ஒன்றும் சேர்க்கவில்லை. பனிமேரி அக்காவின் அனுமதியோடு ஷீபாவிடம் காட்டி, எந்தெந்த அலுவலகத்துக்குப் போகவேண்டுமோ அங்கெல்லாம் அனுப்பினோம்.

கூட்டம்

விசாரணைக்கு அழைப்பு வர இரண்டு மாதம் பிடித்தது. அரசு அலுவலகத்தின் மாடியறை, மேலே மின்விசிறி கடகடவென்று. ஆலைத் தரப்பில் எட்டுப் பேர். இந்தப் பக்கம் பனிமேரி அக்கா, சேவியர், நான், ஷீபா.

தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவள் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தலையில் முக்காட்டோடு உள்ளே வந்து அவள் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர்கள் கிணற்றிலும் அதே தண்ணீர்தானே. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் நிமிர்ந்தது.

கடைசி வரிசையில் வெள்ளை வேட்டியில் ஒருவர். மடியில் மட்டி வாழைப்பழச் சீப்பு ஒன்று, செய்தித்தாளில் சுற்றி. பார்த்ததும் தாணுமாலயன் என்று தெரிந்துகொண்டேன். அவளிடம் அனுமதி கேட்டுத்தான் வரச் சொல்லியிருந்தேன். "வரட்டும், பேச வேண்டாம்" என்று சொல்லியிருந்தாள். அந்த மனிதர் முழுக் கூட்டத்திலும் வாய் திறக்கவில்லை. எழுத்தில் அவரைத் தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

அதிகாரி பனிமேரி அக்காவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா" என்றார்.

அவள் எழுந்து, பைக்குள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

"எங்க கிணத்துத் தண்ணி சார். நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம். மோந்து பாருங்க."

அதன்பின் சேவியர் பேசினார். எந்த நாள், எந்த வண்டி, எந்தக் கால்வாய்க் கரை என்று. ஆலைத் தரப்பில் ஒருவர், வேலை போன கோபத்தில் சொல்கிறான் என்றார். "ஆமா சார், கோபம் உண்டு" என்றார் சேவியர். "அதுக்காக ஊத்தினது ஊத்தாததா ஆயிருமா?"

படிக்கட்டில் இறங்கும்போது தாணுமாலயன் பழச் சீப்பை அவளிடம் நீட்டினார். "வீட்டுல விளஞ்சது." அவள் வாங்கி அங்கேயே உரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். எனக்கும் ஒன்று.

பிறகு

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். தண்ணீரைச் சோதிக்க எடுத்துப் போனார்கள். ஆலையைப் பெரிதாக்கும் வேலை நின்றிருக்கிறது. ஆலை நிற்கவில்லை. டேங்கர் வெளியே போவது குறைந்திருக்கிறது என்கிறார்கள். சேவியரை மறுபடி எடுக்கவில்லை. இப்போது குடிதண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறார். ஏலக்கரையில் அவளுக்கு முதலில் இடம் விட்டவர்கள் அந்த இரண்டு பெண்கள். மற்றவர்கள் மெதுவாக வந்தார்கள். சிலர் இன்னும் வரவில்லை.

'படிக்கலாம் வாங்க' குழுவில் இப்போதும் தினமும் படிக்கிறேன். 'பேசலாம் வாங்க' குழுவிலும் இருக்கிறேன். தாணுமாலயனோடு சண்டை நிற்கவில்லை. அவருடைய குளத்தில் பாதிக்கு மண் விழுந்துவிட்டது. நான் எழுதுவது குறைந்திருக்கிறது. எழுதி முடித்து, அனுப்பும் முன் ஒரு தடவை, இது நான் சொல்வதற்கு உரியதுதானா என்று பார்க்கிறேன். பல நாள் அழித்துவிடுகிறேன். குழுவில் சேர்கிறாயா என்று பனிமேரி அக்காவிடம் கேட்டதற்கு, "உங்க குரூப்பும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்" என்று சிரித்தாள்.

மீனோடு வந்தால் என் கடையில் நின்று பேசாமல் போகமாட்டாள். எனக்கென்று நல்ல சாளை மீன் நாலு எடுத்து வைத்திருப்பாள். ஆனால் மனு எழுத என்னிடம் வருவதில்லை. எதிர்ப்பக்கத்துக் கடைக்குப் போகிறாள். அங்கே அவள் படியேறுவது என் மேசையிலிருந்தே தெரியும். அந்த நேரம் ஏதாவது வேலையிருப்பதுபோல் குனிந்துகொள்வேன்.

சில வாரங்களுக்கு முன் அப்படித்தான் குனிந்திருந்தேன். மேசைமேல் நிழல் விழுந்தது. பனிமேரி அக்கா, கையில் எதிர்க்கடையில் அடித்த தாள். சூடு இன்னும் போகவில்லை.

"அந்தப் பையன் அடிச்சதுல ஒரு வரி சரியில்லாத்தது மாதி தோணுது. பாத்துச் சொல்லு" என்றாள்.

கை நீட்டினேன். தாளை என்னிடம் தரவில்லை. மேசைமேல் வைத்து, மேல்பாதி முழுவதையும் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். மீன் செதில் ஒட்டிய விரல்களுக்குக் கீழே ஒரே ஒரு வரி.

"இத மட்டும் வாசி. மேல பாக்காத."

வாசித்தேன். ஒரு எழுத்து தப்பாக விழுந்து பொருளே மாறியிருந்தது. பென்சிலால் அந்த எழுத்தை மட்டும் வட்டமிட்டேன். அவள் விரல்களைத் தாண்டி என் கண் போகவில்லை.